யாருக்கு என்று கேட்காத திரை

மகனே,

நேற்று சாயங்காலம் போனை வைப்பதற்கு முன் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "அடுத்த வெர்ஷன் உன்னை இன்னும் நல்லா புரிஞ்சுக்கும்மா, கவலைப்படாதே" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து நான்தான் கட் பண்ணினேன். போனில் உன்னிடம் சண்டை போடவும் முடியாது, பாதியில் மீட்டிங் வந்துவிடும். அதனால் காலையில் காபி குடித்த கையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து முடிவு பண்ணப் போகிறீர்களாமே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாறிக்கொள்ளும் திரையா, எல்லோருக்கும் ஒரே மாதிரியான திரையா என்று. அங்கே இதை எல்லோருக்கும் படித்துக் காட்டு. கடைசிப் பத்தியை மட்டும் கிழித்து உன் பாக்கெட்டில் வைத்துக்கொள், அது உனக்கு. நடந்ததில் சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். யார் யார் என்று உனக்குத் தெரியும், உன் ஆபீஸுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதில் சின்னவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க ஆன்ட்டி, நல்லா எழுதுங்க" என்றாள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடும் அந்த ஆப்பை நீ செய்தாய் என்று இந்தப் பெங்களூர் காக்ஸ் டவுனில் தெரியாதவர்கள் யாரும் இல்லை, அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தது நான்தான். சர்ச் விட்டு வெளியே வரும்போது யாராவது முழங்கால் வலி என்றால்கூட, என் பையன் ஆப் இருக்கே என்று போனை நீட்டுவேன். புது வெர்ஷன் வந்த அன்று, உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. என் மகனே கேட்ட மாதிரி குளிர்ந்துபோய், சரி என்று அழுத்தினேன். என்னத்தை மாற்றிக்கொள்ளும், எதைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு அந்தப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நம் காம்பவுண்டு உனக்குத் தெரியாததா? ஐந்து வீடு, ஒரு கேட், ஒரு மோட்டார் சுவிட்ச். ஆஸ்பத்திரி விஷயம் என்றால் ஐந்து வீட்டுக்கும் என் போன்தான். மற்றவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. ஒருத்தி போனைப் பிள்ளை வைத்துக்கொண்டு விளையாடுவான், இன்னொருத்தி போனைப் புருஷன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதோடு நான் கவுன்டரில் இருந்தவள், என் கையால் போட்டால் டோக்கன் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. இப்படித்தான் எனக்கு ஒரே வாரத்தில் கண்புரை வந்தது, மூட்டு தேய்ந்தது, ஒன்றரை வயதில் போட வேண்டிய தடுப்பூசியும் பாக்கி நின்றது. உன் ஆப் இதையெல்லாம் பார்த்து, 'உங்களுக்காக' என்று மேலே ஒரு பட்டை போட்டு வரிசையாகக் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாடி வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டீர்களா என்று அறுபத்தாறு வயசுக்காரியைக் கேட்கிறதே என்று மாடிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பின்பக்க வீட்டில் இருப்பவளை நிர்மலா என்று வைத்துக்கொள்வோம். கார்மென்ட்ஸில் தையல். ஒரு மத்தியானம் வேலைக்குப் போகாமல் வந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்பில் கட்டி மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது என்றாள். வீட்டில் புருஷனுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் இன்னதென்று தனக்குத் தெரிய வேண்டும், அதுவரை யார் வாயிலும் விழக்கூடாது என்றாள். இதில் என்ன தப்பு சொல். என் போனிலேயே டோக்கன் போட்டோம், கூட நானும் போனேன். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம், ஆனால் ஊசி வைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்றார். அந்தப் புதன்கிழமைக்கும் என் போனில்தான் போட்டோம்.

அந்த வாரமே கேட்டை ஒட்டிய வீட்டு ஸ்டெல்லா அக்கா, இதுவும் நான் வைத்த பெயர், கண் டாக்டருக்கு டோக்கன் போட வந்தார். அடுப்பில் குழம்பு இருந்ததால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். திறந்ததும் முதல் வரியில் 'உங்களுக்காக: கேன்சர் பிரிவு, புதன்கிழமை'. அதற்குக் கீழே மார்பகக் கட்டியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. அதற்கும் கீழே தைரியமாக இருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு பூப்படம். அந்தப் பூப்படத்தை யாரடா போட்டது, உங்கள் ஆபீஸில்? அவரை ஒருநாள் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஸ்டெல்லா அக்கா கண்கலங்கி நிற்கிறார். கண் டாக்டர் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஒன்றும் பேசாமல் போனது என்னிடம் மட்டும்தான்.

அடுத்த நாளிலிருந்து ஆரஞ்சுப் பழம். ஒரு பை, இரண்டு பை, ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் அரிசி டப்பா மேல் ஒரு பை. ஜெபக் குழு வந்து தலையில் கை வைத்து ஜெபித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார். நான் எழுந்து நின்று, ஐயா எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் யாருக்கு? அதற்கு என்ன பதில் சொல்வேன்? எல்லோருக்கும் தெரியும் நான் யார் யாருக்கு டோக்கன் போடுகிறேன் என்று. ஐந்து வீட்டையும் எண்ணிப் பார்த்தால் நிர்மலாவிடம் வந்து நிற்க அரை மணி நேரம் ஆகாது. வாயை மூடிக்கொண்டு மற்றவர்களின் கண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டேன். கர்த்தர் வீட்டில் உட்கார்ந்து பொய்யான ஜெபத்துக்கு ஆமென் சொன்னேன், இந்த வயசில். எரிச்சல் எனக்கு எப்படி வராமல் இருக்கும்?

அதுகூடப் போகட்டும். செவ்வாய்க்கிழமை நிர்மலாவும் அவள் புருஷனும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, நல்ல பையன்தான். அவனும் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தான். உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னான்: "பாவம் ஆன்ட்டி. இந்த வியாதி வந்தா குடும்பமே போச்சு. நல்லவேளை, நம்ம வீட்ல அந்த மாதிரி எதுவும் இல்ல." அவள் முகத்தை நான் பார்த்தேன். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. மறுநாள் காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அவள் வேலைக்குப் போகும் பையோடு கேட்டைத் தாண்டிப் போகிறாள். "வேணாம் ஆன்ட்டி. உங்களையே எப்படிப் பாக்கறாங்க பாருங்க. எனக்குன்னு தெரிஞ்சா என்னை எப்படிப் பாப்பாங்க?" என்றாள். அந்தப் புதன்கிழமை போனது. அடுத்த புதன்கிழமையும் போனது. என் போன் மட்டும், நீங்கள் வரவில்லையே, உங்கள் ஆரோக்கியம் எங்களுக்கு முக்கியம் என்று டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வர வேண்டியவள் மெஷின் முன்னால் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். அந்த நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். என் போனை வாங்கி அப்டேட் பண்ணினாய். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டாய். சாப்பிட்ட தட்டைக் கழுவினாய். என் காலைப் பிடித்துவிடட்டுமா என்று கேட்டாய். வாரத்துக்கு ஒரு போன் பண்ணுகிறவன் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஹெப்பகோடியிலிருந்து தினமும் இரண்டு தடவை கூப்பிட்டாய். நானும் முட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று மனசுக்குள் பூரித்துப்போனேன். இரண்டு வாரம், தெரியுமா, இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் உன் மனைவி போன் பண்ணி, ரூம் தயாராக இருக்கிறது அத்தை, பாத்ரூமில் வழுக்காத மேட் போட்டாச்சு, சிகிச்சை முடியும்வரை இங்கேயே இருங்கள் என்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லையடா, அது வேறு ஒருத்திக்கு என்றேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஆப்ல அப்படித்தானேம்மா இருந்துச்சு."

ஆப்பில் அப்படி இருந்தது. நான் எங்கே இருந்தேன்? உன் எதிரில், அடுப்படியில், உனக்குத் தோசை வார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா உனக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாய், கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாயாம். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தெரியாமல் பயந்ததற்கும், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துப் பயந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. திரை உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிவிட்டது. நீயே செய்த திரை, அதில் நீயே ஏமாந்தாய். எனக்கு வயிறு எரிந்தது இதற்குத்தான், ஆரஞ்சுப் பழத்துக்காக இல்லை.

உன்னை மட்டும் திட்டி என்ன, நானும் இதே வேலையைச் செய்தவள்தான். ஆறு வயசில் ஒருநாள் கத்தரிக்காய் சாப்பிட்டு நீ வாந்தி எடுத்தாய். அன்றோடு உன் தட்டில் கத்தரிக்காய் நின்றது. நாங்கள் சாப்பிடும் நாளெல்லாம் உனக்குத் தனியாக முட்டை. என் பிள்ளைக்கு என்ன ஆகும் ஆகாது என்று எனக்குத் தெரியாதா என்று பெருமை வேறு. இருபத்திரண்டு வருஷம். உன் கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டு விருந்தில் நீ எண்ணெய்க் கத்தரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிடிக்குமாடா என்றேன். "நீ வைக்கவே இல்லையேம்மா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். உன் ஆப் செய்வதும் அதுதான். ஒருநாள் நடந்ததை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் தட்டைத் தானே தீர்மானிக்கிறது. அம்மாவாவது விருந்தில் பார்த்துத் திருந்துவாள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உன்னிடம் சொன்னதில்லை. கவுன்டரில் இருந்தபோது வாரா வாரம் ஒருத்தர் வருவார், மனைவிக்கு நெஞ்சு மருந்து வாங்க. முகம் தெரிந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பெயரில் சீட்டு எழுதி நீட்டிவிடுவேன். எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி என்று வரிசையில் நிற்பவர்கள் புகழ்வார்கள். ஒருநாள் அவர் தோளில் துண்டைப் போர்த்தி ஒரு குழந்தை. நான் குழந்தையைக் கவனிக்காமல், அவர் முகத்தை மட்டும் பார்த்து வழக்கமான சீட்டை நீட்டினேன். கூச்ச சுபாவம் உள்ள மனுஷன். கவுன்டர் அம்மாவுக்குத் தெரியாததா என்று வாங்கிக்கொண்டு, நெஞ்சு டாக்டர் வரிசையில் போய் நின்றார். அங்கேயே காய்ச்சல் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. நர்ஸ் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை பிழைத்தது. டாக்டர் அத்தனை பேர் முன்னால் என்னிடம் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாருக்குன்னு கேட்டீங்களா?"

அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டேன். தமிழில் யாருக்கு, கன்னடத்தில் யாரிகெ, துலுக்கத் தெருவிலிருந்து வருகிறவர்களிடம் கிஸ்கூ. தினமும் பார்க்கும் முகமாக இருந்தாலும் கேட்டேன். என் சொந்தத் தங்கை வந்து நின்றபோதும் கேட்டேன், அவள் கோபித்துக்கொண்டாள். வரிசையில் நிற்பவரும் நோயாளியும் ஒரே ஆள் இல்லை மகனே. நம் ஊரில் எப்போதும் யாராவது ஒருத்தர் இன்னொருத்தருக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் ஆபீஸில் ஆளுக்கு ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு இரண்டு போன். அதனால் ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. நான்கு பெண்களைச் சேர்த்துக் குழைத்து, உலகத்தில் இல்லாத ஒருத்தியைச் செய்து, அவளுக்குப் பூப்படம் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். எல்லோருக்கும் ஒரே திரை என்றால் நாற்பது பொத்தான் இருக்கும், வயசானவர்கள் தடுமாறுவார்கள் என்பாய். நான் தடுமாற மாட்டேன். நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன். நீங்கள் வாரம் ஒருமுறை இடத்தை மாற்றுவதால்தான் தடுமாறுகிறேன். ஒரே அச்சு எல்லோருக்கும் பொருந்தும் என்று நானும் சாதிக்கவில்லை. எங்கள் சீட்டில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதற்கு முன்னால் எத்தனை பெண்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வழி வைத்தாய், நல்லது. தமிழா கன்னடமா என்று கேட்டாய், அதுவும் நல்லது. அதெல்லாம் நான் கேட்டு நடந்தது. குடும்பத்தினரைச் சேர்க்க செட்டிங்ஸில் வழி இருக்கிறதே என்றாய். தேடிப் பார்த்தேன், நான்காவது பக்கத்தில் கீழே இருக்கிறது. எங்கள் கவுன்டரில் அந்தக் கேள்வியைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

ஆக, திங்கட்கிழமை நீ கேட்க வேண்டியது ஒன்றுதான். திறந்ததும் முதலில் யாருக்கு என்று கேட்கட்டும். கேட்டு, பதிலுக்குத் தகுந்த மாதிரி என்ன வேண்டுமானாலும் காட்டட்டும், அந்த ஆள் வெளியே போனதும் மறந்துவிடட்டும். கூட ஒரு தடவை தொட வேண்டியிருக்கும், ஜனங்கள் வெறுத்துப் போய்விடுவார்கள் என்று யாராவது சொன்னால், என் தங்கை கோபித்துக்கொண்டதைச் சொல். கோபித்துக்கொண்டாள், சீட்டு சரியாக வாங்கிக்கொண்டு போனாள்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். போன வாரம் நிர்மலாவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து நிறுத்தி, "ஊரே எனக்குன்னு நினைச்சிடுச்சு, நினைச்சிட்டுப் போகட்டும். நீ எனக்குத் துணைக்கு வா" என்றேன். அவள் புருஷனிடமும் நானே கேட்டேன், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, இவளை அனுப்புகிறாயா என்று. ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு போ, ஆன்ட்டியைத் தனியாக விடாதே என்று அவனே அனுப்பி வைத்தான். ஆப்பைத் தொடவில்லை, நேரே கவுன்டரில் போய் நின்று சீட்டு வாங்கினோம். ஊசி வைத்து எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் தள்ளிப்போனது போனதுதான், அதை உன்னாலும் திருப்பித் தர முடியாது, என்னாலும் முடியாது. ரிசல்ட் செவ்வாய்க்கிழமை. என்ன வந்தாலும் அதை அவள்தான் புருஷனிடம் சொல்ல வேண்டும், அவள் வாயால், அவள் நினைத்த நேரத்தில். அன்று காலையில் அவளுக்கு நடக்கத் தெம்பு இருக்காது, காரை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு வா. நான் முன்னால் உட்காருகிறேன், அவள் பின்னால் உட்காருவாள், நீ அவளிடம் ஒன்றும் கேட்காதே. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் வியாதி என்று நினைத்து முகத்தை ஒரு மாதிரி வைத்திருந்தாயே, அதே முகத்தோடு வா. கேட்டில் ஸ்டெல்லா அக்கா நிற்பார், ஆஸ்பத்திரிக்கு யாருக்காகப் போகிறாய் என்று கேட்பார். அம்மாவுக்கு என்று சொல்.